ஞாயிற்றுக்கிழமை பேசிய இங்கிலீஷ்

அன்புள்ள மகன் கிளிஃபர்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நான் முழங்கால் வலியோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பா கட்டிலில் இருக்கிறார், ஆக இரண்டு பேரும் இருக்கிறோம். பெர்த்தில் நீயும் மருமகள் கிறிஸ்டலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் உங்கள் பெயரையும் சொல்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்லி முடித்துவிடுவாய், காகிதத்தில் உன்னால் அது முடியாது. சின்ன வயதில் உன்னைத் தமிழ் மறைக்கல்வி வகுப்பில்தான் சேர்ப்பேன் என்று நான் அடம்பிடித்தது இதற்காவது உதவட்டும். படம் பிடித்து போனையே மொழிபெயர்க்க விடாதே, எழுத்துக்கூட்டியாவது நீயே மெதுவாக வாசி.

இங்கே தினமும் மழை, துணி காயவில்லை. இந்த வருடம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகவில்லை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகத் தவறியது. அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது. கீழ்மாடி ரோஹானா, அதுதான் நாசி கண்டார் சோற்றுக்கடை சீனி முகம்மதின் மனைவி, அவள்தான் அவ்வப்போது வந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் கூப்பிட்டுத்தான் நான் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். ஆமாம், உன் அம்மா இங்கிலீஷ் படிக்கிறாள். நீ சிரிப்பாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்தபோது நீ வந்து இருந்துவிட்டுப் போனாய், அப்போது அப்பா வாயே திறக்கவில்லை. நீ போன பிறகு மெல்லப் பேச்சு வந்தது, ஆனால் வந்ததெல்லாம் இங்கிலீஷ். சிலருக்கு ஒரு மொழி போய் இன்னொன்று மிஞ்சும் என்றார் டாக்டர். என்னோடு வாழ்நாளெல்லாம் பேசின தமிழ் போய்விட்டது, கப்பல் ஆபீசில் வெள்ளைக்காரனிடமும் சீனனிடமும் பேசினது மட்டும் நிற்கிறது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பார். அவர் எதையோ கேட்பார், எனக்குப் புரியாது, நான் கஞ்சியைக் கொண்டுவருவேன், அவர் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் சுங்கை பாக்காப் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், தமிழும் மலாயும் தவிர என்ன தெரியும். அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் நம் ஃபிளாட் ஹாலில் நவோமி டீச்சர் நடத்தும் வகுப்புக்குப் போனேன். எங்கள் எல்லோரையும் விடச் சின்னவள், பொறுமையானவள். அந்த நேரம் மட்டும் சீனி முகம்மது வந்து அப்பாவோடு இருப்பார்.

முதலில் சாமான்களின் பெயர், உடம்பின் உறுப்புகள், வலிக்கிறது, வேண்டும், வேண்டாம். அதிலேயே வீட்டில் பாதிக் கஷ்டம் குறைந்தது. பிறகு நடந்து முடிந்ததை எப்படிச் சொல்வது என்று வந்தது. நேற்று என்ன செய்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருத்தி மார்க்கெட்டுக்குப் போனாள், ரோஹானா ஆட்டுக்கறி சமைத்தாள். என் முறை வந்ததும் அவரைக் கழுவினேன், அவருக்கு ஊட்டினேன், அவரைத் தூக்கினேன் என்று தப்பில்லாமல் சொன்னேன். நன்று, இப்போது உங்களைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லுங்கள் என்றாள். யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை தம்பி. வார்த்தை தெரியாமல் இல்லை, சொல்ல விஷயம் இல்லை. மெதுவா வரும்லா அக்கா என்று ரோஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த சில வாரம் இனி நடக்கப்போவதைச் சொல்லப் பழகினோம், நாளைக்கு என்ன செய்வேன், கிறிஸ்மஸுக்கு எங்கே போவேன் என்று. அந்த வாரங்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நீயும் அப்பாவும் இங்கிலீஷ், நீயும் நானும் தமிழ். எனக்குத் தெரிய வேண்டாத காரியம் என்றால் என் முன்னாலேயே சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷில் ஓடும். நீ பரீட்சையில் தோற்றதையும், அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சு வலித்ததையும் நான் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டு நிற்கும்போதே பேசி முடித்தீர்கள். நான் அதைக் குறையாக எடுத்ததில்லை, ஆண்பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள் என்று விட்டுவிடுவேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோதும் அதே மாதிரிதான். போனை மைலோ டின்னில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சமையலுக்குத் தவ்கே முளைப்பயற்றின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். நீ பேசப் பேச எனக்குப் புரிந்தது. முழுவதும் இல்லை, போதுமான அளவு புரிந்தது.

நான் குளியலறையில் அவரோடு சேர்ந்து விழுந்ததை உன்னிடம் மறைத்திருந்தேன். சீனி முகம்மது மாடி ஏறி வந்துதான் இரண்டு பேரையும் தூக்கினார். அதை அப்பாவே உன்னிடம் சொல்லிவிட்டிருக்கிறார். நீ செபராங் ஜெயாவில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாய், பெயரும் சொன்னாய். கிறிஸ்மஸ் முடிந்ததும் அவர் அங்கே, நான் உன்னோடு பெர்த்தில். இப்போதைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். அதற்கு அவர் போகிறேன் என்றார். ஐ வில் கோ, அப்படியே சொன்னார், அவளைக் கூட்டிக்கொண்டு போ, அவள் களைத்துவிட்டாள் என்றார். நான் கடைசித் தவ்கே வரை கிள்ளி முடித்தேன். பிறகு நீ என்னிடம் சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டாய், நானும் சாப்பிட்டேன் தம்பி என்றேன். அதே மூச்சில் எப்படி உன்னால் அதைக் கேட்க முடிந்தது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ரோஹானாவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு நான் தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நீ தப்பான இடம் பார்க்கவில்லை. சுத்தமாக இருக்கிறது, நாற்றம் இல்லை, காற்று வருகிறது. வேலை செய்கிற பெண்கள் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அரைகுறை மலாய் பேசுகிறார்கள், அன்பானவர்கள்தான். இங்கே யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டேன். ஆபீசில் ஒருவருக்குத் தெரியுமாம், அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு வயிறு வலித்தால், பயமாக இருந்தால், யாரிடம் சொல்வார். முதலில் நான் கஞ்சி கொண்டுவந்து நின்ற மாதிரி அந்தப் பிள்ளைகளும் கொண்டுவந்து நிற்பார்கள், அவரும் தலையைத் திருப்பிக்கொள்வார். இதை நீ யோசித்தாயா.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நல்ல கையால் சட்டையை மடித்து மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறார். காலையில் எழுந்ததும் வெளியூருக்கு எடுத்துப்போகும் அந்தப் பழுப்புப் பையைக் கேட்கிறார். எங்கே போகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன், ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொன்னார். நேற்று எனக்குத் தாங்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், நீங்கள் போகமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன், இங்கிலீஷில்தான், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அப்படியானால் என்னை யார் தூக்குவது என்று கேட்டார். தம்பி, அதற்கு எனக்கு இங்கிலீஷிலும் பதில் இல்லை, தமிழிலும் இல்லை. என் முழங்கால் உனக்குத் தெரியும். அடுத்த தடவை விழுந்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்திருக்கமாட்டார், அதுவும் எனக்குத் தெரியும்.

அதனால் உன்மேல் பழி போட்டு முடிக்க இதை எழுதவில்லை. நீ என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாய், அவரும் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார், ஆனால் என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர் இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன். இது முடிவு. அவரை யார் தூக்குவது என்பதற்கு நீ ஒரு பதில் கொண்டுவா, அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அங்கே குளிர் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கிறிஸ்டலிடம் கோபமாகப் பேசாதே, இதில் அவளுக்குப் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். திருஇருதய ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்கட்டும், உங்கள் கை செய்கிற வேலை எல்லாம் கூடிவரட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். அவரிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டியிருக்கும், பேசு. ஆனால் கொஞ்சம் மெதுவாகப் பேசு, எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தெரேசா வில்லியம்
ஜார்ஜ் டவுன், பினாங்கு