பிரிட்ஜைத் திறக்கலாமா?

அன்புள்ள அம்மா,

நானும் பெற்றவர்களிடம் வளராதவள்தான் என்று திங்கட்கிழமை டெமெல்சாவிடம் நான் சொல்லவில்லை.

வளர்ப்பு வீடுகளை விட்டு வெளியேறும் பிள்ளைகளோடு பிளிமத் நகரில் துணையாளர் வேலை பழகுகிறேன் அல்லவா, அவர்களில் ஒருத்தி அவள். பதினெட்டு முடிந்து தனி வீட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்கு முன்பு துணைக்குப் போன இரண்டு பேரை விரட்டிவிட்டாள். என்னையும் விரட்டினால் அவளுக்கு வேறு ஆளில்லை.

அன்று புது வீட்டில் அவள் பைகளை இறக்கியதும், "பிரிட்ஜைத் திறக்கலாமா?" என்று என்னைக் கேட்டாள். என்னை எடுத்து வளர்த்த உங்கள் வீட்டில் நானும் வருடக்கணக்காக அப்படித்தானே கேட்டேன்!

"என்னை ஏன் கேக்குற? நான் விருந்தாளி. இந்த வீட்டுல ஒரு டீகூடக் கிடையாதா?"

"வந்ததுமே அதிகாரத்தைப் பாரு!" என்றபடி பாலை எடுத்தாள். கிளம்பும்போது, "வியாழக்கிழமை வர்றப்போ பிஸ்கட் வாங்கிட்டு வா" என்றாள்.

போனேன். கதவைத் திறந்தாள். டீக்குத் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் கேட்காமலே பிரிட்ஜைத் திறக்கும்
உங்கள் மகள்