காப்பித்தூள் பாட்டிலும் மூன்று மெழுகுவர்த்திகளும்

ஜூன் 9

என் அன்பு வாலுவுக்கு,

நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் மட்டும் நலமில்லை. நீ போனில் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியைச் செய்த பிறகுதான் வலி கூடியது என்று உன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறார்.

நாம் இருவரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது, அதனால் முக்கியமானதையெல்லாம் கடிதத்தில்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டவள் நீ. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் பல்கலைக்கழகமும் இன்னும் இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து தயாரித்த கையேடு எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. அறிவியலை ஒப்பிக்க வைக்காதே, கேள்வி கேட்க விடு, செய்து பார்க்க விடு என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறதே, படித்தாயா? ‘இந்த இடத்தில் ஆசிரியர், எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போமா என்று சொல்ல வேண்டும்.’ எங்கள் முதல்வர், அதுதான் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சரியா?’ என்று கேட்பாரே, நம் ‘சரியா’ சார், அந்த வரியை எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார். நேற்று காலை ஹால் நிறையப் பயிற்சி ஆசிரியைகள் ஒரே குரலில் ‘எனக்கும் தெரியாது’ என்று ஒப்பித்தார்கள். ஒருத்தி ‘செய்து பார்ப்போமா’வை விழுங்கிவிட்டாள். அவளை மட்டும் நிற்க வைத்து மறுபடி சொல்லச் சொன்னார். நான் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்று சிரித்து முடித்தேன்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே பாட்டிலைக் கவிழ்ப்போமே, அந்தச் சோதனை. வத்தி அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நானும் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படியே சொல்லி எழுத வைத்திருக்கிறேன். என் வகுப்பில் பின்வரிசையில் தடிமனான கண்ணாடி போட்ட ஒருத்தி இருக்கிறாள், சோடாபுட்டி என்று கூப்பிடுகிறார்கள். அவள் கேட்டாள்: “மூணு வத்தி வச்சா என்ன ஆகும் டீச்சர்?”

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து காப்பித்தூள் பாட்டிலை எடுத்துப்போய்ச் செய்தோம். தண்ணீர் பாதி பாட்டிலுக்கு ஏறிவிட்டது. உள்ளே இருக்கிற ஆக்சிஜன் அதேதானே, வத்தி கூடினால் எப்படி அதிகம் ஏறும்? அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. இந்த வயதில் உன்னால் இப்படி ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது.

அத்தானின் காப்பித்தூளைக் காகிதப் பொட்டலத்தில் கொட்டி வைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா

ஜூலை 2

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதைப் பார்த்து ஏன் சிரிக்கிறாள் என்று பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள்.

அந்த வரியை எழுதியவள் நான்தான். ‘உண்மையிலேயே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லத் தயங்க வேண்டாம்’ என்றுதான் எழுதினேன். ஆளாளுக்குக் கை வைத்துத் திருத்தி, கடைசியில் அது உத்தரவாகிவிட்டது.

உன் சோடாபுட்டியை எனக்குப் பிடித்துவிட்டது. புத்தகம் தப்புதான் அக்கா. சூட்டில் விரிந்த காற்று பாட்டிலின் விளிம்பு வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. வத்தி கூடினால் சூடு கூடும், அவ்வளவுதான். சின்ன வயதில் நான் ஏன், எதற்கு என்று கேட்டபோதெல்லாம் “வாயை மூடிட்டுப் படிடி” என்று தலையில் குட்டியவள் நீ. இப்போது பார்.

அக்டோபரில் எங்கள் குழு அங்கே வருகிறது. உன் வகுப்பைத்தான் பார்க்கப் போகிறோம். பாடப்புத்தகக் குழுவின் தலைவரும் உடன் இருப்பார். அன்றைக்கு மட்டும் ஒரே ஒரு வத்தியோடு நிறுத்திக்கொள், என் தங்கமே. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓட்டலில்தான் குழுவோடு தங்க வேண்டும், ஆனால் ஒரு ராத்திரியாவது வீட்டுக்கு வருவேன்.

குட்டு வாங்கிய தலையோடு,
உன் வாலு

அக்டோபர் 24

அன்புள்ள வாலுவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. வீட்டுக்கு வராமலே போய்விட்டாய். உனக்காக உறை மாற்றிய தலையணை அப்படியே இருக்கிறது. கோபமில்லை, வருத்தம்தான்.

நீ அந்தத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், அதனால் முன்னால் நின்ற எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்கிறேன். நான் ஒரு வத்தியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். சோடாபுட்டி எழுந்து, “மூணு வச்சுக் காட்டலாமா டீச்சர்?” என்றதும், பிறகு பார்க்கலாம் என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் ஏறியது. வெளிநாட்டு விருந்தாளிகள் கை தட்டினார்கள். தலைவர் தட்டவில்லை. “அப்போ புத்தகம் தப்புங்கிறீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். ‘சரியா’ சார் வாழ்நாளில் முதல் தடவையாக ‘சரியா’ என்று சொல்லாமல் நின்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “செஞ்சு பார்த்ததுல அப்படித்தான் தெரியுது சார்” என்று நான்தான் சொன்னேன்.

இப்போது எனக்கு வகுப்பு கிடையாது. சாமான் அறைச் சாவியைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். உடைந்த தராசுகளும் பூசணம் பிடித்த பூதக்கண்ணாடிகளும்தான் எனக்குத் துணை. அதைத் தாங்கிக்கொள்வேன். சோடாபுட்டியின் பயிற்சிச் சான்றிதழை நிறுத்திவைத்துவிட்டார்கள். அது இல்லாமல் அவளுக்கு எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்காது. உன் குழு வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்காக வேண்டாம், அவளுக்காகக் கேட்கிறேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தலையணையைப் பற்றி எழுதியிருந்தாய். வருவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்கள் கல்வித்துறை கையெழுத்துப் போட்டால்தான் திட்டத்தின் அடுத்த கட்டம் நடக்கும். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அன்று பயன்படுத்திய பாட்டிலில் விரிசல் இருந்தது, அதனால் முடிவு தப்பாக வந்தது என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வரி போதும். உனக்கு வகுப்பு திரும்பக் கிடைக்கும். அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கும். இன்னும் எத்தனையோ ஊர்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும். புத்தகத்தைப் பிறகு மெதுவாகத் திருத்தலாம்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. என் வேலையும் இதில்தான் தொங்குகிறது. திட்டம் நின்றால் நான் இந்த நாட்டில் இருக்க முடியாது.

உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?
வாலு

நவம்பர் 27

வாலு,

விரிசல் விட்ட பாட்டிலில் வெளிக்காற்று உள்ளே போய்விடும். அதிகம் ஏறுவது இருக்கட்டும், தண்ணீர் ஏறவே ஏறாது. ஏறினாலும் நிற்காது. உனக்கா இது தெரியாது? யோசித்துத்தான் எழுதினாயா?

அக்கா

டிசம்பர் 10

அக்கா,

யோசித்துத்தான் எழுதினேன். யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்து எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வாலு

ஜனவரி 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அத்தானின் முழங்கால் தேவலை.

நீ கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல்வர் அறையில் பெரிய மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். நான் எழுதியது கை மாறி மாறிப் போயிற்று. அறிவியல் படித்துப் பட்டம் வாங்காத ஆள் அந்த மேஜையில் ஒருவர்கூட இல்லை. விரிசல் இருந்தால் தண்ணீர் எப்படி ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் பாட்டில்கள் வாங்கும்போது கவனமாக இருக்கச் சொன்னார். “சரியா?” என்றார் முதல்வர். நான் தலையாட்டினேன்.

வகுப்பைத் திரும்பக் கொடுக்கிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். சாமான் அறையே போதும். அங்கே யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நேற்று சோடாபுட்டி சாமான் அறைக்கு வந்தாள். சான்றிதழ் கையில் இருந்தது. பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டதாம். கதவருகிலேயே நின்று, “அன்னைக்கு பாட்டில்ல விரிசல் இருந்துச்சா டீச்சர்?” என்று கேட்டாள்.

எனக்குப் பின்னால் அலமாரியில்தான் அந்தப் பாட்டில் இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லாமல். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும். “இருந்துச்சும்மா” என்றேன். சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படின்னா தண்ணி எப்படி ஏறுச்சு என்று கேள், பாட்டிலைக் காட்டுங்க என்று கேள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். என் வேலை, உன் வேலை எல்லாம் போனால் போகட்டும் என்று சொல்லியிருப்பேன்.

“சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கையேட்டின் புதிய பதிப்பும் வந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு மெழுகுவர்த்தி மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சேர்த்திருக்கிறீர்கள். நன்றாக அச்சடித்திருக்கிறார்கள்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஒருத்தியாவது கேட்பாள் என்று நான் நம்பியிருந்தேன். அதைத் தவிர எனக்கு வேறு நம்பிக்கை இருந்ததில்லை.

நீ இனிமேல் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம். போனிலேயே பேசிக்கொள்ளலாம். இனி நமக்குள் சண்டை வராது.

இப்படிக்கு,
அக்கா