சிவப்பு அம்புகள்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் இது என் கைதான். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லி உன் அப்பா எழுதியது. சொன்னபடி எழுதினாரா என்றால் அதுதான் இல்லை. ரவிக்கைக்கு ஊக்கு மாட்டக்கூட முடியவில்லை என்று சொன்னால், "உடம்பு பரவாயில்லை" என்று எழுதுவார். தூரத்துல இருக்கிற பிள்ளையை எதுக்குக் கலங்கடிக்கணும் என்பார். போனில் பேசலாமென்றால், இந்த நடுக்க நோய் வந்த பிறகு குரலும் தேய்ந்துவிட்டது, எனக்கே கேட்பதில்லை. பக்கத்தில் நின்று அவர்தான் எடுத்துச் சொல்வார், அதிலும் இதே கைவேலைதான். ஆகவே அவர் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து ஒன்பது நாளாக இதை எழுதுகிறேன்.

உன் பதில் பத்து நாளைக்கு முன்னால் வந்தது. அப்பா சத்தமாகப் படித்தார். அவர் அனுப்பிய போட்டோவில் என் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அம்மா கை எவ்வளவு திடமாகிவிட்டது, அதனால் இந்த வருடம் வருவதாக இருந்ததை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அந்தக் கை என்னுடையது இல்லை, பாப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற நீள அறையில் சனிக்கிழமைதோறும் எங்கள் ஓவியக் குழு கூடும். பதினோரு பேர். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இரண்டு பேர், பார்வை பாதி போனவர் ஒருவர், மற்றவர்கள் என்னைப் போல மாத்திரை டப்பாவோடு வருகிறவர்கள். என் பக்கத்து நாற்காலி ஒரு பஸ் கண்டக்டருடையது. வாரத்தில் மூன்று நாள் அவருக்கு ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். "மூணு நாள் அந்த மெஷின் என்னை ஓட்டுது, மிச்ச நாள் நான் என்னை ஓட்டுறேன்" என்பார். அவருடைய பேச்சுக்காகவே முதலில் போனேன். பிறகுதான் தூரிகையில் ருசி வந்தது.

கொடியில் துணி காய்வதை வரைந்தேன். நம் வீட்டுப் பின்பக்க ஜன்னலில் தெரிகிற அதே கொடிதான். உன் அப்பாவின் கோடு போட்ட சட்டை, என் பழைய ஃபேக்டரி ஏப்ரன், நீ விட்டுப் போன மஞ்சள் துப்பட்டா. என் கை நடுங்க நடுங்க ஒவ்வொரு கோடும் அலைந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உங்க படத்துல இப்படிக் காத்தடிக்குது?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். துணிகள் நிஜமாகவே பறந்துகொண்டிருந்தன. இந்தப் பாழாய்ப் போன நடுக்கம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ஏழு சனிக்கிழமை உட்கார்ந்து முடித்தேன்.

பிறகு கண்காட்சி என்றார்கள். படங்களை டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டார். குழுவை நடத்துகிற அம்மாளைத்தான் டீச்சர் என்கிறோம். நல்ல மனுஷி, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பெரிய இடத்து விருந்தினர்கள் வருகிறார்கள், குழுவுக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று, கல்லூரிப் பெண்கள் இருவரை உட்கார வைத்து எல்லாப் படங்களையும் 'லேசாகச் சரிசெய்ய' வைத்திருக்கிறார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அப்பாதான் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். கொடி ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. சட்டையும் துப்பட்டாவும் கஞ்சி போட்டது போல விறைத்துத் தொங்கின. காற்றே இல்லை. கீழே என் பெயர். அதற்கும் கீழே, "நடுக்கத்தை வென்ற கை."

டீச்சரிடம் கேட்டேன். "லேசா டச் பண்ணினதுதாம்மா. உங்க பேருதானே போட்டிருக்கு?" என்றார். அப்பா அதற்குள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார். திருத்தினது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார். கண்டக்டர் தன் மெஷினையும் அதன் சிவப்புக் குழாய்களையும் வரைந்திருந்தார். அதை எப்படித் திருத்துவது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் சிற்றுண்டி சாப்பிட வேண்டுமாம்.

இருபத்திரண்டு வருடம் சீருடை ஃபேக்டரியில் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து, தையல் எங்கே பிசகியதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று தையல் பெட்டியில் மிச்சம் இருந்தது. திறப்பு விழாவுக்கு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் என் படத்தின் முன் நின்றேன். ஸ்டிக்கரை உரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. கண்டக்டர் வந்து, டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போல ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தார். எங்கெல்லாம் கோடு நேராக இருந்ததோ அங்கெல்லாம் ஒட்டினேன். பத்தொன்பது இடம்.

என்ன நடந்தது தெரியுமா? கை தட்டினார்கள். விருந்தினர் கிட்டே வந்து பார்த்து, "புதுமையா இருக்கே! சிவப்பு ரொம்ப எடுப்பா இருக்கு" என்றார். இதுவும் ஓவியத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். டீச்சருக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. மறுநாள் போன் செய்து, "கொஞ்ச நாள் வீட்டிலேயே ரெஸ்ட் எடுங்கம்மா" என்றாராம். அப்பா வெளியில் தலை காட்ட முடியவில்லை என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. சனிக்கிழமை மதியம் இப்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் உன் கைக்குட்டை ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில் தையல் வகுப்புக்கு நீயே ஓரம் மடித்துத் தைத்தாய். நீ குளிக்கப் போன நேரத்தில் அதைப் பிரித்து நான் தைத்து வைத்தேன். கோணல் கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இராது. முதல் பரிசு வாங்கி வந்து அதைக் குப்பைக்கூடையில் போட்டாய். கொழுப்பைப் பார் என்று முதுகில் இரண்டு வைத்தேன். அதற்குப் பிறகு நீ ஊசியைத் தொடவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. டீச்சரைத் திட்டிக்கொண்டிருந்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

மருந்தை இந்த வருடத்தில் இரண்டு முறை கூட்டிவிட்டார்கள். இதற்கு மேல் கூட்டினாலும் பலன் குறைவு என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அப்பா அதை எழுதியிருக்க மாட்டார். பேத்திக்கு மூன்று வயதாகிறது, நான் இன்னும் தொட்டதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் இப்போதும் அவளை மடியில் வைத்துக்கொள்ள முடியும். உன் தலையை வாரிவிடவும் முடியும். வகிடு நேராக வராது, அவ்வளவுதான். அடுத்த வருடம் நான் இருப்பேன். இந்தக் கை இருக்குமா என்று தெரியவில்லை.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவர்தான் காலையில் எனக்குத் தலை பின்னுகிறார், அவருக்கு வேறு எப்படி அன்பு காட்டுவது என்று தெரியவில்லை.

தாளில் ஒரே ஒரு அம்பு மிச்சம் இருந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் வீட்டுக் காலண்டரில் எந்தத் தேதியில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள். அடுத்த வருடக் காலண்டரில் மட்டும் ஒட்டாதே.

உன் கை என்றைக்கும் உன் பேச்சைக் கேட்கட்டும்.

உன் அம்மா