ஜீப்புக்குக் கட்டிய சங்கிலி

3 ஆகஸ்ட் 1958, ஞாயிறு

கோயிலில் பாதிரியார் பிரசங்கம் காதில் ஏறவில்லை. போன சீசனில் எம். புதுப்பட்டியில் எங்கள் பட்டாசு ஆலை தீப்பிடித்ததே நினைவில் நின்றது. வெந்துபோன ஆலைக் கூலியாள் சின்னத்தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியில் ஏற்றினோம். ஓடையில் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. மாட்டை அடித்தேன், வண்டிக்காரனையும் அடித்தேன். தூக்கிக்கொண்டு நடக்கலாமென்று அவள் கையைப் பிடித்தால் தோல் என் கையோடு வந்தது. அங்கேயே போய்விட்டாள்.

இந்த வருஷம் முதலாளி ராக்கப்பன் இறங்கி வந்திருக்கிறார். "ஒரு வண்டி வாங்குவோம் மாணிக்கராஜ். பர்மாவுல மிலிட்டரி வண்டி ஓட்டுன ஆளு, எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் ஃபோர்மேனாகி ஏழு வருஷத்தில் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

19 ஆகஸ்ட்

மூன்று வண்டி பார்த்தாயிற்று. விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் விற்கும் வேன்: நாலு பேரைப் படுக்க வைக்கலாம், ஆனால் வயிறு தரையில் உரசும். காரியாபட்டிப் பண்ணையாரின் பெரிய வண்டி: எங்கும் ஏறும், ஆனால் நம் பாதையின் பனை வரிசைக்குள் திரும்பாது. மதுரையில் மிலிட்டரி ஏலத்தில் வந்த வில்லிஸ் ஜீப்: சீட் கிழிசல், கதவே இல்லை. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். அடியில் படுத்துப் பார்த்தேன், அச்சு நேராக இருக்கிறது.

முதலாளிக்கு வேன் மேல்தான் கண். கல்யாணம் காட்சிக்கும் போகலாமாம். மனுஷனா இவர்?

30 ஆகஸ்ட்

ராத்திரி பெய்த மழை நல்லதாய்ப் போயிற்று. வேனையும் ஜீப்பையும் ஓடையில் இறக்கிக் காட்டினேன். வேன் கரிசலில் உட்கார்ந்துவிட்டது. அதைக் கயிறு கட்டி இழுத்ததும் ஜீப்தான். முதலாளி வேட்டியெல்லாம் சேறு. ஜீப் நம்முடையது.

6 அக்டோபர்

ஆலைக்குள் இரும்பு கூடாது. கல்லில் ஓர் ஆணி உரசினால் போதும், பொறி பறக்கும். மர உளி, பித்தளைக் கரண்டி, வெறுங்கால் என்று தினமும் தொண்டை கிழியச் சொல்கிறேன். இன்று முத்துக்கருப்பன் ஆணி அடித்த செருப்போடு வெடிமருந்து அறை வாசல் வரை வந்துவிட்டான். கன்னத்தில் விட்டேன். உதடு கிழிந்தது. விழுந்தவனை மிதிக்கவும் செய்தேன்.

"மறந்துட்டேன் சார்."

"நீ மறந்தா அம்புட்டுப் பேரும் சாவாங்கலே."

செருப்பைப் பிடுங்கி என் அலமாரியில் பூட்டினேன். கேட் ரிஜிஸ்டரிலும் எழுதி வைத்தேன். வீட்டில் என் மனைவி ஞானபூரணி கைமுட்டியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அடித்தது சரிதான். மிதித்தது?

9 அக்டோபர்

வெறுங்காலோடுதான் வருகிறான். கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்க மாட்டேன் என்கிறான்.

22 அக்டோபர்

நாலு நாளாக விடாத மழை. பர்மாவில் செய்தது போல டயர்களில் இரும்புச் சங்கிலி சுற்றிக் கட்டினேன். ஜீப் ஓடையை அலட்சியமாகக் கடக்கிறது. எனக்கே பெருமைதான். ஆனால் வண்டியை ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிறுத்த வேண்டும் என்பது நான் போட்ட விதி. லோடு நனைகிறதென்று முதலாளி கத்துகிறார்.

26 அக்டோபர்

எழுதித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை. பெட்டிகளை நனையாமல் ஏற்ற, ஜீப்பைப் பின்பக்கமாகப் பாக்கிங் ஷெட்டுக்குள் விட்டேன். என் விதியை நானே மீறினேன். மேலே தகரம், கீழே காய்ந்த கல் தளம், அதில் சிந்திக் கிடந்த மருந்து. முத்துக்கருப்பன் பின்னால் நின்று கை காட்டினான். "வாங்க சார், இன்னுங் கொஞ்சம், அம்புட்டுத்தான்." சங்கிலி கல்லில் கரகரவென்று உரசியது. ஐயோ, இரும்பு — அப்போதுதான் நினைவு வந்தது. ஓர் ஆணிக்காக மனுஷனை மிதித்தவன், சக்கரம் சக்கரமாய் இரும்பைக் கொண்டுவந்திருக்கிறேன்.

வெளிச்சம்தான் முதலில். பிறகு தகரம் பிய்ந்து பறந்தது. நான் வெளியே விழுந்து கிடந்தேன். இருவர் அங்கேயே சிதறிவிட்டார்கள். ஒரு கையை வளையல் பார்த்துத்தான் மாடத்தியுடையது என்று தெரிந்துகொண்டார்கள். முத்துக்கருப்பனுக்கு நெஞ்சு முழுக்க வெந்திருந்தது. ஜீப்பின் பின்தகடு மடங்கியிருந்தது, எஞ்சின் நிற்கவில்லை. அவனோடு மூன்று பேரை அள்ளிப் போட்டேன். ஓடையில் தண்ணீர் வண்டிக்குள் புகுந்தது. ஒரு முறைகூட நிற்காமல் அக்கரை ஏறியது.

"காலு எரியுது சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் நின்றுவிட்டது. மற்ற மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

சரியான வண்டியைத்தான் எடுத்திருக்கிறேன்.

1 நவம்பர்

விசாரணை. முதலாளி முந்தியே என் காதில் சொன்னார்: "அவன் ஆணிச் செருப்போட வந்ததுக்கு ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இருக்கு. அன்னைக்கும் அப்படித்தான் வந்தான்னு சொல்லிருங்க. சங்கிலியக் கெணத்துல போடுங்க."

அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சங்கிலியைக் கிணற்றில் போடவில்லை, சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அதனால் நான் நல்லவனாகிவிடுவேனா? ஞானபூரணி வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

6 நவம்பர்

முத்துக்கருப்பன் மனைவி இருளம்மாள் ஆலைக்கு வந்தாள். அழவில்லை.

"நாளைக்குக் காரியம் அய்யா. அவுக சாமானையெல்லாம் வச்சுக் கும்பிடணும். செருப்பக் குடுங்க."

அலமாரியைத் திறந்தேன். ஒரு மாதத் தூசி. முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இந்தச் செருப்பாலதான் வெடிச்சுச்சுன்னு எழுதியிருக்காகளாமே. இது இங்கனதான அய்யா இருந்துச்சு?"

பூட்டு என் கையிலேயே இருந்தது.

7 நவம்பர்

காலையில் ஜீப் சாவியை முதலாளி மேசையில் வைத்தேன். "கிறுக்குப் பிடிச்சிருச்சா" என்றார். ஓடையை நடந்தே கடந்தேன், சங்கிலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு. சிவகாசி போலீஸ் ஸ்டேஷனில் அதை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதி முடிக்க மத்தியானமாயிற்று. இந்த நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளக் கேட்டேன், விட்டார்கள்.

உள்ளே அனுப்பும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார் ஏட்டு. கழற்றினேன். எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.