திங்கட்கிழமைக் கம்பிகள்

குன்னம்,
14.7.1976

பம்பாயில் இருக்கும் கண்ணையன் அண்ணனுக்குத் தங்கை இருசம்மாள் எழுதுவது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வெங்காயம் நட்டாயிற்று, மழைதான் இல்லை.

உங்கள் சிநேகிதர் அமிர்தலிங்கம் சார் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். நேற்றிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

ரேடியோ வால்வுக்குள் தலைமுடி மாதிரி ஒரு கம்பி சூடாகுமே, அதற்கு வெள்ளைப் பூச்சு போடுவதுதான் அரியலூர் கம்பெனியில் சாருக்குக் கீழே எங்கள் வேலை. ஸ்பிரிட்டில் பொடியைக் கலக்கி, கம்பியை முக்கி, கரண்டு விட்டால் பொடி தானாக நீந்தி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதமாகப் பார்க்கிறேன் அண்ணா, இன்னும் அலுக்கவில்லை! பொடி குறைந்தால் பூச்சு மெலிசு. கூடினால் தடியாக ஏறி, காய்ந்ததும் வெடித்துவிடும்.

வெடித்ததற்கெல்லாம் பழி என்மேல். "ஒனக்குக் கைவேல சுத்தமில்ல" என்றார் சார். நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். வெடித்தது எல்லாமே திங்கட்கிழமைக் கம்பி! ஞாயிறு லீவில் பொடி ஸ்பிரிட் தொட்டியின் அடியில் படிந்துவிடுகிறது. திங்கள் காலையில் சார் மேலாக ஒரு கிண்ணம் மொண்டு பார்த்து, நீர்த்துவிட்டது என்று இன்னும் பொடி கொட்டுகிறார். அப்புறம்தான் கலக்கச் சொல்கிறார். அடியில் கிடந்ததும் எழும்பினால் கூடிப்போகாதா?

சொன்னேன். "எட்டாவது படிச்சவ எனக்குப் பாடம் நடத்துறியா?" என்றார். பக்கத்தில் வேலை செய்யும் பாப்பாயி அக்கா, "கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியா ஆயிட்டியேடி" என்று சிரித்தது.

முந்தாநாள் திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் போய், சார் வருவதற்குள் தொட்டியை அடிவரைக்கும் கலக்கிவிட்டேன். அவர் மொண்டு பார்த்தார், சரியாக இருந்தது, பொடி போடவில்லை. இருநூறு கம்பி அண்ணா. ஒன்றுகூட வெடிக்கவில்லை!

பாப்பாயி அக்கா சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டது. சாருக்கு முகம் கறுத்துப்போயிற்று. "ஆரக் கேட்டுத் தொட்டியத் தொட்ட?" கேட்காமல் தொட்டதும் என் தப்பு, இதுவரை வெடித்ததும் என் தப்பு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார். "கையெழுத்துப் போட்டா உள்ள வா. இல்லன்னா வூட்லயே இரு."

தொட்டதற்கு வேண்டுமானால் போடுகிறேன், வெடித்ததற்குப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அம்மாவுக்குத்தான் அழுகை நிற்கவில்லை. நான் அழவில்லை.

நீங்கள் அவரிடம் எத்தனை தடவை நடந்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். திமிர் பிடித்தவள் என்று என்னைத் திட்டி எழுதுங்கள், பரவாயில்லை. கையெழுத்துப் போடு என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் சொன்னால் போட்டுவிடுவேன் அண்ணா.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
இருசம்மாள்