படத்தில் வெட்டிய பக்கம்

ஹூஸ்டன், முகாம்
செப்டம்பர் 15, 2005

அன்புள்ள தம்பி டெரலுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா இன்னும் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதையே தேடிக்கொண்டு மற்றதையெல்லாம் படிக்காமல் தாண்டிவிடுவாய்.

ஈராக்கிலிருந்து நீ அனுப்பிய மின்னஞ்சலை இங்கே ஒரு தொண்டர் பெண் அச்செடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கையால் எழுதித்தான் பழக்கம், தாமதமானாலும் பொறுத்துக்கொள். உங்கள் பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடாரத்துத் தொலைக்காட்சியில் என் படத்தைப் பார்த்துத்தான் நான் உயிரோடு இருப்பது உனக்குத் தெரிந்ததாமே. படத்துக்குக் கீழே 'கொள்ளையடித்துச் செல்லும் பெண்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பையன் அதை உரக்கப் படித்துச் சிரித்தான், நீ அவன் பல்லை உடைத்தாய், இப்போது கக்கூஸ் கழுவுகிறாய். நம் மூலைத்தெருவில் சலூன் வைத்திருந்த மிஸ் குளோதில்தான் இங்கே எனக்கு அடுத்த கட்டில். அவரிடம் சொன்னேன். "ஒரு பல்லுதானா? நம்ம வார்டுப் பையன் கைக்கு அது கம்மிதான் கண்ணு" என்றார். சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். புயலுக்கு முதல் நாள் ஊரே காலியாகும்போது அப்பா கிளம்பவில்லை. கார் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்குச் சொல்லவே வேண்டாம். நம் ஊர்வலச் சங்கத்துக்கு அப்பாதான் தலைவர் என்பதால் இந்த வருஷ ஊர்வலத்துக்கான தொப்பிப் பெட்டிகள் அத்தனையும் நம் வீட்டில்தான் இருந்தன. அரிசி, பருப்பை விட்டுவிட்டு அந்தப் பெட்டிகளைப் பரணில் ஏற்றினார். நான் கத்தினேன். "நெறம் வெளிய தெரிஞ்சா அப்புறம் நான் எந்த மூஞ்சியோட நடக்கிறது" என்றார். வருஷா வருஷம் மாறுகிற சங்கத் தொப்பியின் நிறம் ஊர்வலத்தன்று காலையில் கதவு திறக்கும்வரை வெளியாள் யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஊர் முழுகினாலும் அதுதான். முழுகியது.

பக்கத்து வீட்டு ஆள் தன் மீன் படகில் எங்களை ஏற்றி, பெரிய தெரு மரச்சாமான் கடையின் சரக்கு இறக்கும் மேடையில் விட்டுவிட்டு, மற்றவர்களைக் கொண்டுவரப் போனார். அவர் திரும்பி வரவில்லை. அப்பா கையில் தன்னுடைய தொப்பிப் பெட்டி மட்டும், பிளாஸ்டிக் பையில் சுற்றி. அங்கேயே ஒரு ராத்திரி இருந்தோம். மறுநாள் வெயிலில் அவர் உதடெல்லாம் வெடித்துவிட்டது. எதிர்ப்புறம் மளிகைக் கடைக் கண்ணாடி ஏற்கெனவே உடைந்து கிடந்தது. நான் மார்பளவுத் தண்ணீரில் போய் ஒரு கட்டுத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்போதுதான் ஒரு படகிலிருந்து என்னைப் படம் எடுத்தார்கள்.

அடுத்த நிமிஷம் துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். கீழே போடு என்றார்கள், போட்டேன். மண்டியிடு என்றார்கள். தண்ணீருக்குள் எப்படி மண்டியிடுவது, கழுத்துவரை முழுகி நின்றேன். அவர்கள் போட்டிருந்தது உன் உடுப்பு மாதிரியே இருந்தது டெரல். அது என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. துப்பாக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, அதோ என் அப்பா, அந்த மேடையில், என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். "அவருக்கு அடுத்த படகு வரும், ஏறு" என்று தங்கள் படகில் தூக்கிப் போட்டார்கள். லாரி, பஸ், அப்புறம் இந்த ஹூஸ்டன்.

அந்தப் பாட்டுக்காரன் பேசியதை நீயும் பார்த்திருப்பாய். புயலுக்கு நிதி திரட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல், என் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு கையில இருக்கிறது தண்ணி. எங்க ஜனம் வெள்ளைத் தோலோட பொறந்திருந்தா அன்னிக்கே படகு வந்திருக்கும், இவங்களுக்குத் திருடிங்கிற பேரும் வந்திருக்காது" என்றான். கூட நின்ற நடிகைக்கு முகம் செத்துவிட்டது. இங்கே முகாமில் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய படமோ மாதிரிதான் இருந்தது.

அதிலிருந்து ஊரெல்லாம் இதே பேச்சு. ஒரு பெரிய நடிகர், துக்கத்தில் நிறத்தை இழுக்காதீர்கள், பணத்தைக் கொடுங்கள் என்கிறார். வானொலியில் ஒருவர், முன்னாடியே கிளம்பாதது யார் தப்பு என்று தினமும் கேட்கிறார். நான் யாரென்று கண்டுபிடித்து நிருபர்கள் கட்டிலுக்கே வருகிறார்கள். "பாடகர் சொன்னது சரின்னு நினைக்கிறீங்களா" என்று கேட்கிறார்கள். நேற்று வந்த ஒரு பெண்ணிடம் மிஸ் குளோதில், "எத்தனை வாட்டிம்மா கேப்பீங்க? இவ அப்பாவ எங்கன்னு ஒரு வாட்டி கேளேன்" என்றார். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

நிறத்தாலா என்று நீ கேட்டால், ஆமாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பாட்டுக்காரன் வேண்டியதில்லை. ஆனாலும் அத்தனை பேர் நடுவில் சொன்னானே, அதற்கு அவன் நன்றாக இருக்கட்டும். சொன்னது நிஜமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, சொல்லலாமா கூடாதா என்றுதான் பேசுகிறார்கள்.

எனக்கு வேண்டியது வேறு. அந்தப் படத்தை நன்றாகப் பார். இடது ஓரத்தில் சிமெண்டு விளிம்பு கொஞ்சம் தெரிகிறதே, அது அந்த மேடை. அதற்கு இடப்பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்திலேயே வெட்டிவிட்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மீதிப் படம் எங்கே என்றுதான் கேட்கிறேன். அது கிடைத்தால் அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா, படகு ஏதாவது வந்ததா என்று தெரியுமே.

காணாமல் போனவர்களைத் தேடும் மேசையில் அப்பாவின் அடையாளம் எல்லாம் கொடுத்துவிட்டேன். வெள்ளைச் சட்டை, பழுப்பு பேண்ட், இடது சுண்டுவிரல் வளைந்தது. தலையில் என்ன என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன். தொப்பி பெட்டிக்குள் அல்லவா இருந்தது. ஊர்வல நாளுக்கு முன் அதை எடுத்துத் தலையில் வைக்க அவர் என்ன வேறு ஆளா.

காணவில்லை என்றால் லீவு தரமாட்டார்கள், செத்தால்தான் தருவார்கள் என்று உன் அதிகாரி சொன்னாராமே. அதற்காகச் சண்டைக்குப் போகாதே. துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவேன், பத்திரிகைக்குப் பேசுவேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். நீ என்ன செய்தாலும் நான் உன் பக்கம்தான். ஆனால் இப்போது வேண்டாம். தேட வேண்டியவர் ஒருவர் போதும், உன்னையும் ஒரு சிறையில் தேடவைக்காதே.

இந்த வருஷ நிறம் என்ன என்று குறும்பாகக் கேட்டிருந்தாய். எழுத மாட்டேன். வீட்டிலிருந்து வரும் கடிதங்களைக் கூடாரத்தில் எல்லோரும் வாங்கிப் படிப்பீர்கள் என்று நீதானே சொன்னாய். அப்பா வந்து சொல்லட்டும்.

பத்திரமாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஒசீலியா


ஹூஸ்டன்
அக்டோபர் 30, 2005

அன்புள்ள தம்பி டெரலுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் உன் அதிகாரி கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். பட்டாளத்தார் வழிச் செய்தி என் கடிதத்தைவிட வேகமாகப் போகும் என்றார்கள். அப்பா கிடைத்துவிட்டார். உயிரோடு இல்லை. எப்படி என்பதை என் வாயால் நீ கேட்க வேண்டும் என்பதற்காக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நானும் மிஸ் குளோதிலும் இப்போது ஓர் அடுக்கு மாடி வீட்டில் இருக்கிறோம். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பையன் கதவைத் தட்டினான், பேர் வெண்டல். என்னைப் படம் எடுத்தவன் அவன்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "தலைப்பு நான் எழுதலைங்க, ஆபீஸ்ல எழுதினாங்க. வெட்டினதும் அவங்கதான். முழுப் படத்தை உங்ககிட்ட கொடுக்கணும்னு தோணுச்சு" என்றான். மிஸ் குளோதில் அவனை மேலும் கீழும் பார்த்து, "படகுல இடம் இல்லாமயா தம்பி படம் எடுத்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்டார். வேறு யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்று நினைத்ததாகச் சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

படத்தில் அப்பா இருக்கிறார். மேடையில், முதுகை நிமிர்த்தி, முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை, படகும் இல்லை. பெட்டி திறந்து கிடக்கிறது. தொப்பி தலையில் இருக்கிறது.

ரொம்ப நேரம் எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அம்மாவுக்குக்கூடத் தொப்பியை முன்கூட்டிக் காட்டாத மனுஷன். வெயிலுக்கு என்றால் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டிருப்பார், தொப்பியைத் தொட்டிருக்க மாட்டார். ஊர்வல நாள் தனக்கு வராது என்று தெரிந்துதான் எடுத்து வைத்திருக்கிறார். வைத்துக்கொண்டு, தண்ணீரோடு வருகிற என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் பக்கம் திரும்புமுன் அவர்கள் வந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் தோன்றியது, தலையில் ஒன்றுமில்லை என்று எல்லா இடத்திலும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மிஸ் குளோதில் நம் சங்கம் இல்லையே. பிணக்கிடங்கில் ஓர் ஆள் எடுத்தார். தொப்பி உண்டு என்று சொல்லி, நிறத்தைச் சொன்னேன். "கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா" என்றார். "சத்தமா சொல்லக்கூடாதுங்க" என்றேன். மறுபடியும் மெதுவாகச் சொன்னேன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்படி ஒண்ணு இருக்குதும்மா. இவங்க யாரா இருக்கும்னு நாங்களே பேசிக்கிட்டோம்" என்றார். சுண்டுவிரலையும் பார்த்துச் சொன்னார். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். மரச்சாமான் கடை மேடையில் என்றார். அடுத்த படகு வரவே இல்லை டெரல்.

அழுகை வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெண்டல் எப்படிச் சொன்னானோ, முழுப் படம் இருப்பது வெளியே தெரிந்துவிட்டது. பாட்டுக்காரனின் ஆள் ஒருவர் ஃபோன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடையில பெரிசாப் போட்டுக் காட்டுவோம்மா. ஒரு பேச்சு வேண்டாம், இந்தப் படம் ஒண்ணு போதும், அத்தனை பேர் வாயும் அடைஞ்சிடும்" என்றார். அவர் சொல்வது சரி. பெண்ணைத் திருடி என்று பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அப்பனை ஏற்றிக்கொள்ள மனம் வரவில்லை என்று அந்தப் படம் சொல்லும். நீயும் கொடு என்றுதான் சொல்வாய்.

நான் கொடுக்கவில்லை. இப்போது முடியாது, நவம்பர் கடைசி ஞாயிறு தாண்டட்டும் என்றேன். அது நம் ஊர்வல நாள் என்று அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டார். படத்தில் நிறம் தெரிகிறது என்றேன். அவருக்கு எங்கே புரியும். தோல் நிறத்தைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "அதுக்காகத்தானேம்மா கேக்கிறோம்" என்றார். நான் விளக்கவில்லை. அந்த ஞாயிறுக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளட்டும், ஊர் ஊராகக் காட்டட்டும். நானே மேடையில் பக்கத்தில் நின்று, அடுத்த படகு வரும் என்று சொன்னவர்கள் யார் என்று கேட்கிறேன். அது வரைக்கும் அப்பா கட்டிக் காத்ததை நான் காட்டிக் கொடுக்க மாட்டேன்.

சங்கச் செயலாளர் மிஸ்டர் நூமா அட்லாண்டாவிலிருந்து பேசினார். ஊருக்குப் போய் நம் வீட்டுக் கூரையைப் பிரித்து இறங்கிப் பார்த்திருக்கிறார். கீழே எல்லாம் சேறு, பரணில் பெட்டிகள் ஒரு சொட்டு நனையவில்லையாம். உறுப்பினர்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும் அந்த ஞாயிறு வந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அன்றைக்கே அப்பாவை அம்மா பக்கத்தில் வைக்கிறோம். இனி அது வெறும் ஊர்வலம் இல்லை. பேண்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு வாத்தியம் போய்விட்டது, யாராவது இரவல் கொடுப்பார்கள். முன்னால் யார் நடப்பது என்று நூமா கேட்டார். என் தம்பி வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

இப்போது உனக்கு லீவு கொடுப்பார்கள். வா. உடுப்போடு வராதே, அதை மட்டும் அக்காவுக்காகச் செய். அப்பாவின் தொப்பியை அவரோடு அனுப்பிவிடலாம், உன் அளவுக்கு வேறொன்று இருக்கிறது. வரும் வழியில் எங்காவது தொப்பி நிறத்திலேயே ஒரு ஜோடி ஷூவும் டையும் வாங்கிக்கொள். அதற்கு உனக்கு நிறம் தெரிய வேண்டும். சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போய்விட்டதால் நான் சொல்கிறேன். இந்தத் தாளைக் கூடாரத்தில் யாரிடமும் கொடுக்காதே, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பறங்கிப் பூ மஞ்சள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை மூச்சு விடாதே.

உன் அக்கா
ஒசீலியா