இந்த வருடத்துக் கால் படம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை உன் மாமா மட்டும் நலம்.

உறையைப் பிரித்ததும் கால் படம் எங்கே என்று தேடியிருப்பாய். இல்லை. வருடா வருடம் மார்ச்சில் தாளை விரித்து நான் ஏறி நிற்பதும், உன் மாமா பென்சிலால் இரண்டு காலையும் சுற்றிக் கோடு போடுவதும், பின்பக்கத்தில் நான் கடிதம் எழுதி அனுப்புவதும், அதை வைத்து நீ எனக்கு ஷூ தைத்து அனுப்புவதும் பதினோரு வருடமாகத் தவறியதில்லை. இந்த வருடமும் ஏறி நின்றேன். இடது காலில் எடையைப் போட முடியவில்லை. உன் மாமா முடிப்பதற்குள் மூன்று முறை இறங்கிவிட்டேன். கோடு கோணல்மாணலாக வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன்.

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதாம். போன வருடமே வலி இருந்தது. நாள் முழுக்க பஸ்ஸில் நிற்கிற கண்டக்டருக்கு வலிக்காத இடம் எது என்று நினைத்து யாரிடமும் மூச்சு விடவில்லை. போன மாதம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டார். இடது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போய் ஒரு வக்கீலின் மடியில் உட்கார்ந்தேன். பாவம், அவர் தன் ஃபைலைக் காப்பாற்றுவதா என்னைக் காப்பாற்றுவதா என்று தெரியாமல் முழித்தார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயிலிருந்து நிமிராமலே மூட்டை மாற்றிவிடலாம் என்றார். மாற்றினால் டிப்போவில் என்னைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, அதைக் கம்பிக்குப் பின்னால் கழிக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் இன்னொரு டாக்டரிடம் போனேன். வயதான அம்மா. என்னை அறைக்குள் நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "மூட்டு மாத்துறதை எப்ப வேணா பண்ணிக்கலாம். ஆனா பண்ணிட்டா பழசு திரும்ப வராது. மூணு மாசம் எனக்குக் குடுங்க" என்றார். எட்டுக் கிலோ எடை குறைக்க வேண்டும், பிசியோவிடம் போய் இடுப்புத் தசையைப் பலமாக்க வேண்டும், கைத்தடி பிடிக்க வேண்டும், அப்படியும் வலி அடங்காவிட்டால் மூட்டுக்குள் ஓர் ஊசி. மூன்று மாதம் லீவு வாங்கியிருக்கிறேன். அதற்குள் சரிப்படவில்லை என்றால் கத்திதான்.

போனில் சொல்லியிருக்கலாம். உன் பட்டறை மெஷின் சத்தத்தில் நீ "என்ன, என்ன" என்றே கேட்டுக்கொண்டிருப்பாய்.

உன் அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வக்கீல் மடியில் உட்கார்ந்ததை மட்டும் இரண்டு தடவை படித்தேன். மன்னித்துக்கொள், சிரிப்பு வந்துவிட்டது. மாமா அந்த வக்கீலைப் பார்த்துப் பேசினாரா?

கத்தி வேண்டாம் அக்கா. அந்த வயதான டாக்டர் சொல்கிறபடி செய். எட்டுக் கிலோ என்ன பெரிய விஷயம், மாமா சமைக்கிற நாட்களில் மட்டும் சாப்பிடு, தானாகக் குறையும்.

கால் படம் வராவிட்டால் என்ன, போன வருடத்து அச்சு மரக்கட்டையில் அப்படியே இருக்கிறது. நேற்றே வேலையை ஆரம்பித்துவிட்டேன். உன் எடை முழுவதையும் தாங்கிக்கொள்கிற மாதிரி அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். இடது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கவனம் எடுத்துச் செய்கிறேன். மூன்று மாதத்தில் உன்னை பஸ்ஸில் ஏற்றுவது என் பொறுப்பு. டாக்டருக்குப் பாதிப் பெயர், எனக்குப் பாதிப் பெயர்.

உன் தம்பி

*

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஷூ வந்து சேர்ந்தது. வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இருக்கிறது. பிசியோ வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் காலைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

பிசியோ என்பது இருபத்தைந்து வயதுப் பெண். என்னை அக்கா என்கிறாள், உன் மாமாவை அங்கிள் என்கிறாள். உன் மாமா அதில் ஒரு வாரம் நொந்துபோனார். முதல் நாளே என் கைத்தடியைப் பிடுங்கி அடுத்த கையில் கொடுத்தாள். வலிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் தடி பிடிக்க வேண்டுமாம். இடதில் வலி என்றால் இடதில்தானே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று உன் மாமா வாதாடினார். அவரையும் ஒரு தடியைக் கொடுத்து நடக்கவிட்டாள். இரண்டே சுற்றில் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இறக்க வேண்டும். உன் மாமா எண்ணுவார். என் முகம் கோணுவதைப் பார்த்தால் ஏழுக்குப் பிறகு பத்துக்குத் தாவிவிடுவார். அதையும் அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று கிலோ குறைந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் வலி நன்றாகவே குறைந்திருந்தது. தடி இல்லாமல் தெருமுனைக் கடை வரை போய் வந்தேன். இந்தப் பத்து நாளாக ஏறிக்கொண்டே போகிறது. பயிற்சியில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை. புதிதாக என்ன மாறியது என்று யோசித்து யோசித்து, அடுத்த தடவை ஷூவைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் தம்பி தைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது என்றேன்.

ஊசி போடலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று மாதத்தில் ஒன்று போய்விட்டது.

உன் அக்கா

*

ஏப்ரல் 14

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அந்த ஷூவைப் போடாதே. தையலில் ஒரு பிசகு இருக்கிறது, இப்போதுதான் ஞாபகம் வந்தது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற தட்டை செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள். ஷூவை யாரிடமும் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியே எனக்கு அனுப்பிவிடு.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பி,

உன் கடிதம் இரண்டு நாள் தாமதம். அதற்குள் அந்தப் பெண் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளட்டையைக் கத்தியால் கிளப்பிவிட்டாள். இடது ஷூவின் குதிகாலில் தோல் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. வலதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். நீ தைத்த ஷூ எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை, உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக உரித்தேன். உன் மாமா சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. முதல் ஜோடியில் எதுவும் இல்லை. இரண்டாவதில் ஒரு துண்டு. அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாம் இடது ஷூவில்.

அந்தப் பெண் என்னைப் படுக்க வைத்து இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை டேப் பிடித்து அளந்தாள். இடது கால் ஏற்கெனவே வலதைவிட ஒரு நகக்கண் அளவு நீளம். பல பேருக்கு அப்படித்தானாம், அதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாதாம். நீளமான காலுக்குத்தான் நீ மேலும் மேலும் உயரம் கொடுத்திருக்கிறாய். உன் மேல் முழுப் பழியையும் போடவும் அவள் என்னை விடவில்லை. "மூட்டு தேயறதுக்கு நூறு காரணம் இருக்குக்கா. இதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா எரியற அடுப்புல விறகு வச்ச மாதிரிதான்."

தையலில் பிசகு என்று சப்பைக்கட்டு கட்டாதே. பத்து வருடம் ஒரே பிசகு வருமா? என் காலில் என்ன செய்தாய், ஏன் செய்தாய், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

முதல் ஜோடியை அடிமாற்றித் தரச் சொல்லி அனுப்பினாயே, அதில் இடது குதிகால் ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. வலது புதிது மாதிரி இருந்தது. இடது கால் குட்டை, அதனால் தொப்பென்று விழுகிறது என்று நானாக முடிவு கட்டினேன். அடுத்த ஜோடியில் ஒரு துண்டு வைத்தேன். அது இன்னும் சீக்கிரம் தேய்ந்து வந்தது. வைத்தது போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்று வைத்தேன். அப்படியே ஏறிவிட்டது. உன் வலிக்கு மருந்து என்று நினைத்து இந்த வருடம் மொத்தமாக இரண்டு துண்டு கூட்டினேன்.

உன்னைக் கேட்டிருந்தால் ஒரு டேப் எடுத்து அளந்திருப்போம், இரண்டு நிமிட வேலை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் மூன்றாவது படித்தபோது நீ எட்டாவது. காலையில் உன் பின்னாலேயே வருவேன். ஒரு நாள் நீ நடக்கிற மாதிரி இடுப்பை ஆட்டி நடந்து காட்டி, வாத்து என்று கத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தார்களே என்று மறுநாளும் செய்தேன். ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க உன் பெயர் அதுதான். நீ ஓட்டப்பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டாய். முன்வாசலை விட்டுப் பின்கதவு வழியாகப் பள்ளிக்கூடம் போனாய். என்னை ஒரு அடி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து உன் நடையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். வாயால் கெடுத்ததைக் கையால் சரிசெய்துவிடலாம், உனக்குத் தெரியாமலே உன் நடை நேராகிவிடும் என்று நினைத்தேன்.

எல்லாத் தப்பும் என்னுடையது. உன்னைக் கத்தி வரை கொண்டுபோய் விட்டவன் நான். எவ்வளவு திட்டினாலும் தகும்.

தம்பி

*

மே 30

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று. மாமாவுக்கு போன் செய்தேன். "நல்லா இருக்கா" என்றார், வைத்துவிட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இங்கே ஒரு எலும்பு மருத்துவமனையில் காலணி செய்து கொடுக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே போய், எனக்கு அளக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறவன் இப்படிக் கேட்டதும் ஒரு மாதிரி பார்த்தார்கள். சனிக்கிழமை தோறும் போகிறேன். இப்போது யார் வந்தாலும் முதலில் படுக்க வைத்து அளக்கிறேன். ஷூ வாங்க வந்தோமா ஆபரேஷனுக்கு வந்தோமா என்று கேட்கிறார்கள்.

உனக்கு இனி நான் ஷூ அனுப்ப மாட்டேன், பயப்படாதே. வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

*

ஜூன் 27

தம்பிக்கு,

இந்தத் தாளைத் திருப்பாமல் முதலில் இதைப் படி. திருப்பிப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

மூட்டை இப்போது மாற்ற வேண்டாம் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். ஏழு கிலோ குறைந்திருக்கிறேன். ஊசியும் ஒன்று போட்டார்கள், நான் பயந்த அளவுக்கு இல்லை. வலி முழுக்கப் போகவில்லை, பாதிக்குமேல் போயிருக்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான். சில வருடம் கழித்து மாற்ற வேண்டி வரலாம், வந்தால் பயப்படாமல் செய்துகொள்ளலாம் என்றார். போன திங்கள்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். பாதி ஷிஃப்ட், குட்டை ரூட். பிரேக் போடுவதற்கு முன்னால் டிரைவர் "அக்கா, பிடிச்சுக்கோங்க" என்று சத்தம் கொடுக்கிறார். பயணிகளும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம் ஷூ இல்லை. நான் ஏன் கண்டக்டர் வேலைக்கு வந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. ஓடுகிற பஸ்ஸில் யாருமே நேராக நடக்க முடியாது. எல்லாரும் ஆடித்தான் நடக்க வேண்டும். அங்கே என் நடையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் வந்தேன். ஒவ்வொரு வருடமும் உன் ஷூ பார்சலைப் பிரிக்கும்போது, உலகத்தில் இவன் ஒருவனாவது என் நடையை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். நீதான் எல்லாரையும்விட உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதுதான் வலித்தது. சின்ன வயதில் நீ கத்தியதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

போன மாதம் அந்தப் பெண் என்னை ஆள் உயரக் கண்ணாடி முன்னால் நடக்கவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக என் நடையை நானே பார்த்தேன். நீ சொன்னது சரிதான்டா, வாத்தேதான். சிரித்துச் சிரித்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கடைச் செருப்பு எனக்கு ஒத்துவரவில்லை. நீ எனக்கு ஷூ தைக்க வேண்டும். டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த அளவை உள்ளே வைத்திருக்கிறேன். வலது பக்கத்துக்குத்தான் உயரம், நாலு மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு இழைகூட வேண்டாம். உள்ளட்டைக்கு அடியில் ஒளித்து வைக்காதே. வெளியே, அடிப்பாகத்திலேயே வை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். என் நடையில் இனி ஏதாவது தெரிந்தால் என்னிடம் சொல், நானும் சேர்ந்து அளக்கிறேன்.

இப்போது தாளைத் திருப்பு. உன் மாமா மெதுவாகத்தான் கோடு போட்டார். முடிக்கும் வரை இறங்காமல் இரண்டு காலிலும் நின்றேன். இடது குதிகாலைப் பார், கோடு முழுசாக விழுந்திருக்கிறது.

உன் அக்கா,
வாத்து